யாரும் சாகாத பயணம்

மாலி நாட்டுக் கிட்டா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் வேர்க்கடலை அரைக்கும் இயந்திரச் சத்தம் கேட்டால் அது சிதான் ஜாராவின் கடை. புருஷன் போய் ஒன்பது வருஷம். மூன்று பெண்களையும் கட்டிக் கொடுத்தாயிற்று. ஐம்பத்து நாலு வயதில் அவளிடம் மிஞ்சியது அந்த இயந்திரமும், எத்தனை குளித்தாலும் போகாத கடலை வாசமும், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தேவைப்பட்ட ஒரு கரண்டியும்தான்.

அந்தக் கரண்டிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஜாரா குடும்பத்தில் எங்கே எழவு விழுந்தாலும், எங்கே பிள்ளைக்குப் பேர் வைத்தாலும், "சிதானைக் கூப்பிடு" என்பார்கள். இருநூறு பேருக்குப் பொங்கினாலும் அவள் கையில் சோறு குழையாது. காயேஸுக்குப் போனாள், அத்தையின் மாமியார் இறந்தபோது. எல்லை தாண்டி செனகலில் தம்பாகுண்டாவுக்குப் போனாள், சித்தப்பா இறந்தபோது. கவோலாக்குக்கு இரண்டு தடவை: ஒரு தடவை பெரியப்பா பேரனின் கல்யாணம், மறு தடவை, பாவம், அதே பேரனின் எழவு. கினியா நாட்டு சிகிரிக்குப் போனது மதினியின் தங்கைக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததற்கு. இத்தனை ஊர் பார்த்தவளிடம் கவோலாக் எப்படி இருக்கும் என்று கேட்டால், "அடுப்பு மேற்கே பார்த்து இருக்கும், புகை மூஞ்சியில அடிக்கும்" என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

கவோலாக்கில் அந்தப் பேரனின் எழவு முடிந்து திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். மடியில் அவளை விடப் பெரிய முதுகுப் பை. சிதான் பாவப்பட்டு, "உனக்கு யாரும்மா செத்தது?" என்று முன் இருக்கை வாத்தியார் மூலமாகக் கேட்டாள். வாத்தியார் விசாரித்துவிட்டுச் சிரித்தார். "யாரும் சாகலையாம். நாலு நாட்டைச் சுத்திட்டு வருதாம். சும்மா பாக்கத்தானாம்."

கிட்டா வந்து சேரும்வரை அந்தச் 'சும்மா' சிதானைத் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் பெண்கள் சீட்டில் காசு போட்டாள். சீட்டு விழுந்த அன்று பழைய துணிச் சந்தையில் ஒரு முதுகுப் பை வாங்கினாள், ஒரு வார் மட்டும் தைக்க வேண்டியிருந்தது. வழியும் மனசில் தயாராய் இருந்தது: தம்பாகுண்டா, கவோலாக், காம்பியாவின் பாஞ்சூல், அங்கிருந்து தெற்கே போய்க் கினியாவின் மலை ஊர் லபே, பிறகு பமாக்கோ, வீடு. ஒரு மாதம். சாதாரணப் பேருந்து, இடம் கிடைத்தால் லாரி. அப்படிப் போனால் சீட்டுக் காசு போதும், விடுதியில் மட்டும் தங்கக் கூடாது. பாக்கி ஒன்றே ஒன்று, அண்ணன் ஃபாமக்கானின் சம்மதம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, குடும்பத்துக்குப் பெரியவர். அவர் வாயில் 'சரி' வராமல் ஜாரா வீட்டுப் பெண் ஊர் எல்லை தாண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முற்றத்தில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, முதுகுப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சை எடுத்தாள்.

"யாரு செத்தா?" என்றார் ஃபாமக்கான்.

"யாரும் சாகலண்ணே."

"கல்யாணமா?"

"இல்லண்ணே."

"கடலை யாவாரமா?"

"இல்ல. சும்மா பாத்துட்டு வரலாம்னு."

ஃபாமக்கான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காய்ச்சல் கண்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனால் தங்கைமேல் உயிர். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "சரி. போறதே போற, முறையோட போகணும். ஒரு ஊர்ல நம்ம ஆளு இருக்க, அவன் வாசலை மிதிக்காமப் போனா நாளைக்கு என் மூஞ்சியில காறித் துப்புவான். கோலாக் கொட்டைக் கூடையைக் கொண்டா."

மரியாதைக்கு மெல்லக் கொடுக்கும் அந்தக் கசப்புக் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பாயில் வைக்க ஆரம்பித்தார். ஒரு கொட்டைக்கு ஒரு வீடு. "இது காயேஸ்ல நம்ம பெரியப்பா மக கூம்பா. இது கூம்பாவோட ஓரகத்தி, கூம்பாவைப் பாத்துட்டு இவளைப் பாக்கலன்னா கத்தி தூக்கிருவா. இது தம்பாவுல சித்தப்பா வீடு. இது சித்தப்பாவோட ரெண்டாந்தாரத்து மூத்தவன். இது அவன் மச்சினன், நம்ம அப்பா செத்தப்போ ஆடு அனுப்பினவன்." ஒரு பேர்கூடத் தட்டவில்லை. நாற்பத்தொரு கொட்டை பாயில் நின்றது. "வீட்டுக்கு ஒரு துணி, ஒரு டப்பா வெண்ணெய். மூணு நாளாவது தங்கணும், இல்லன்னா மரியாதை இல்ல. கூம்பா மருமகளுக்கு இது எட்டாம் மாசம், நீ போறதே நல்லதாப் போச்சு. பேர் வைக்கிற சமையலை நீயே பாத்துட்டு வந்துரலாம்."

சிதான் மனசில் கணக்குப் போட்டாள். காசு காயேஸிலேயே கரைந்துவிடும். அதை விட, அந்த நாற்பத்தொரு கொட்டையும் நாற்பத்தொரு அடுப்பாக அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அண்ணன் ஆசையாய்ச் செய்வதை மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு தேநீரை ஆற்றினாள்.

அப்போதுதான் வாசலில் பாகாரி தராவொரேயின் குரல் கேட்டது. பேருந்து நிலையத்தில் சீட்டுக் கிழிப்பவர், ஃபாமக்கான் வயதுதான். தராவொரே குலத்துக்கும் ஜாரா குலத்துக்கும் கேலி முறை. அது இன்று நேற்று வந்ததில்லை. ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், பயறுதின்னி என்பார்கள், ஒருவர் தட்டில் இருப்பதை மற்றவர் பிடுங்கித் தின்பார்கள். யார் கோபப்படுகிறாரோ அவர் தோற்றார்.

"பயறுதின்னிங்க ரெண்டும் கூடி உக்காந்திருக்கே! எந்த வீட்டுப் பானையைத் திருடத் திட்டம்?"

"வாடா என் அடிமை," என்றார் ஃபாமக்கான். "எஜமான் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டு."

"கழட்டினா நீ தூக்கிட்டுப் போயிருவ." பாகாரி சப்பணமிட்டு உட்கார்ந்தார். சிதானின் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "என்னடா இது கடை?"

ஃபாமக்கான் பெருமையாய் விளக்கினார். பாகாரி கேட்டுக்கொண்டே முதல் கொட்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"டேய், அது கூம்பா!"

"கசக்குறா." அடுத்ததை எடுத்தார். "இது யாரு?"

"அவ ஓரகத்தி. வை கீழ!"

"இவ இன்னும் கசப்பு." மென்றார். மூன்றாவதை இடுப்புத் துணியில் முடிந்தார், நாலாவதைச் சட்டைப் பையில் போட்டார். சித்தப்பா வீடு போயிற்று, ரெண்டாந்தாரத்து மூத்தவன் போனான், ஆடு அனுப்பிய மச்சினனும் போனான், மிச்சத்தை ஒரே வாராக வாரி மடியில் கட்டினார். தராவொரே கை நீட்டி எடுத்ததை ஜாரா திருப்பிக் கேட்கக் கூடாது. ஃபாமக்கான் தொடையில் அடித்துக்கொண்டு வெறும் பாயைப் பார்த்தார், சிரிப்பு வேறு வந்து தொலைத்தது.

"படுபாவி, என் சொந்தத்தையெல்லாம் தின்னுட்டியேடா! தங்கச்சி எங்க போய்த் தங்குவா?"

"அடிமைக்கு எஜமான் வீட்டுல இடமில்லாமலா போச்சு? செனகல் போனா தராவொரேக்கு ஜோப்னு பேரு, தம்பாவுல டயர் கடை ஜோப் இருக்கான். கவோலாக்ல ஜோப் இல்லாத தெரு இருக்கா? பாஞ்சூல் போனா எங்களைத் 'தராவலி'ம்பான், லபேல லாரி ஓட்டுறவன் எங்க மாமன் பேரன், அசல் தராவொரே. ஊருக்கு ஊரு பேர்தான் வேற, முறை ஒண்ணுதான். வெறுங்கையோட போகட்டும். வாசல்ல நின்னு திட்டட்டும். சோறு தானா வரும்."

"கூம்பாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

பாகாரி மெல்வதை நிறுத்தினார். "தராவொரே அனுப்பினான்னு சொல்லு. 'என் அடிமையை நான் நாலு நாட்டுக்கு அனுப்புறேன், எந்த ஜாரா வீட்டுலயும் உக்காரக் கூடாது, எந்த ஜாராப் பானையையும் தொடக் கூடாது'ன்னு உத்தரவு போட்டிருக்கேன். கோவம் வந்தா என்கிட்ட வரச் சொல்லு. எந்த ஜாராவுக்குடா என்மேல கோவப்படத் தைரியம் இருக்கு?"

ஃபாமக்கான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கூம்பாவும் ஜாராதானே, அவளாலும் கோபப்பட முடியாது. தங்கையைப் பார்த்தார். ஆற்றிய தேநீரைக் குடிக்கவும் மறந்து கண் கலங்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தனை ஆசையாடி உனக்கு?"

"ஆமாண்ணே."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன," என்று முணுமுணுத்தார். "சரி, போயிட்டு வா."

மறு வாரம் பேருந்தில் ஏற்றிவிட அவரும் வந்தார். தங்கையின் பையை வண்டியில் ஏற்றிவிட்டு, சீட்டுக் கிழிக்கும் பாகாரியைப் பிடித்துக்கொண்டார். "மழைக்கு முன்னாடி அவ வரலைன்னா உன் பேருந்தைக் கொளுத்திருவேன்."

"தீப்பெட்டி வாங்கக் காசு இருக்காடா உன்கிட்ட?" என்றார் பாகாரி.

இரண்டாம் நாள் மதியம் தம்பாகுண்டாவில் டயர் கடையை விசாரித்துக்கொண்டு போனாள் சிதான். வாசலில் நின்று பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தினாள். "பயறுதின்னி ஜோப் வீடு இதுதானே? தெரு முனையிலயே நாறுதே!"

கடைக்காரரின் அக்கா அஸ்து ஜோப் கையில் கரண்டியோடு வந்தாள். "ஓடிப்போன அடிமை திரும்பி வந்திருக்குடா! பையைப் புடுங்கி உள்ள வை, மறுபடி ஓடிரும்."

பை உள்ளே போயிற்று. பாய் விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிதானின் கால் தானாக அடுப்பங்கரைப் பக்கம் நகர்ந்தது. மூடியைத் திறக்கக் கை நீட்டினாள். அஸ்து பட்டென்று கையில் ஒன்று வைத்தாள்.

"எங்க பானையைத் தொடுற ஜாராவா நீ? உன் கை பட்டா மீனெல்லாம் பயறாப் போகும். போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு குதிரை வண்டி போயிற்று. எதிர் வீட்டுக் கூரையில் யாரோ துணி காயப்போட்டார்கள். முன்பு நாலு நாள் இதே ஊரில் இருந்திருக்கிறாள், இங்கே குதிரை வண்டி ஓடுமென்றே அவளுக்குத் தெரியாது.

சோறும் மீனும் வந்தது. உப்பு ஒரு கை கூடத்தான். சிதான் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றாள்.