தறிச் சத்தம் இல்லாத தேர்வு அறை

எடப்பாடியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடுகிறது. மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், தறியோரம் உட்கார வைத்து நானே பாடம் சொல்லிக்கொடுத்தேன். பதினேழு வயதிலேயே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வுக்கு வந்துவிட்டாள். அதுவரை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதியவள், அன்றுதான் முதன்முதலாகச் சேலத்தில் ஒரு தேர்வு அறைக்குள் போனாள். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

“என்ன சாமி ஆச்சு?”

“உள்ள சத்தமே இல்லீங்கம்மா. பக்கத்துல மூச்சு உடறதுகூடக் கேக்குது. கை ஓடலீங்க.”

எனக்குத் திட்டவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. பஸ் ஏறினோம்.

மறுதேர்வுக்காக இப்போது தினமும் சாயங்காலம் தறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுகிறேன். அந்த அமைதியில் அவள் எழுதிப் பழகுகிறாள். முடித்ததும் இருவரும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பாடத்தைத் தவிர வேறெதையும் நாங்கள் பேசிப் பழகவில்லை.