என் மகளுக்குக் காட்டாத முகம்

எங்கள் சபையில் துக்க வீடுகளில் ஆறுதல் ஜெபம் செய்ய என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் சொந்த மகளுக்குச் செய்த மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பெற்ற குழந்தையை அவளுக்குக் காட்டாமலே அடக்கம் செய்தேன்.

போன ஜூன் மாதம். மழை விடாத வாரம். மகள் ஷீபாவுக்கு ஒன்பதாம் மாதம். வயிற்றில் அசைவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உயிர் இல்லை. மருமகன் குவைத்தில். முடிவெடுக்கும் பொறுப்பை யாரும் தராமலே நான் எடுத்துக்கொண்டேன். பார்த்தால் தாங்கமாட்டாள், பார்க்காவிட்டால் சீக்கிரம் மறப்பாள் என்று நினைத்தேன். அவள் மயக்கம் தெளியுமுன் எங்கள் ஊர் அருமனைக்குக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம்.

கண் விழித்ததும், "பிள்ள எங்கப்பா?" என்றாள்.

"ஆண்டவர்கிட்ட இருக்கா" என்றேன். வேதத்தின்படி சரியான பதில். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் அப்படியே. பால் கட்டி வலித்தபோதுகூட வாய் திறக்கவில்லை. நான் கட்டிலருகே நின்று தினமும் ஜெபித்தேன். அடுத்த வருஷம் ஆண்பிள்ளையாகவே தரும்படி ஆண்டவருக்கு யோசனையும் சொன்னேன். ஒருநாள் அவள் கிணற்றடியில் வெகுநேரமாக நிற்கிறாள் என்று என் மனைவி அழுதுகொண்டு ஓடிவந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தோம். அன்றைய என் ஜெபம் ஒரே வரி. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாளே அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மனநல ஆலோசகரின் அறைக்கு அனுப்பினார். அந்த அம்மா நாற்காலியை ஷீபா பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "பிள்ளைக்குப் பேரு யோசிச்சு வச்சிருந்தியா மக்கா?"

"அக்ஸா."

எனக்கே அது தெரியாது. அதன்பிறகுதான் என் மகள் அழுதாள். "மொகங்கூடப் பாக்கலியே. யாரை மாதிரி இருந்தாண்ணு தெரியலியே."

"பாத்தது யாரு?"

ஷீபா என்னைக் காட்டினாள்.

சொன்னேன். தலைநிறைய முடி. வலது கை மூடியிருந்தது. நகம் வளர்ந்திருந்தது. உதடு அப்படியே ஷீபாவுடையது. துணியில் சுற்றுமுன் நெற்றியில் முத்தமிட்டேன், குளிர்ந்திருந்தது. என் மனைவியிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

"ஏன்ப்பா இத்தன நாளு சொல்லல?"

மன்னிப்புக் கேட்டேன்.

அன்றே மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் அன்று கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அடுத்த வாரம் தானாகவே ஆலோசகரிடம் போகவேண்டும் என்றாள். இப்போது கல்லறையில் அக்ஸா என்ற பெயர் இருக்கிறது. இன்னமும் சில நாள் அழுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்கிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இதுவே பெரிய அற்புதம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாய் இருந்தால் ஜெபியுங்கள். குழந்தையின் பேரையும் கேளுங்கள். ஆலோசகரிடம் கூட்டிப்போவதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். நான் கேட்டேன், ஆண்டவர் அனுப்பினார். உங்களுக்கும் அனுப்புவார்.

ஆண்டவர்தான் உங்களை அனுப்பினார் என்று அந்த ஆலோசகரிடமே ஒருநாள் நன்றியோடு சொன்னேன்.

"நான் முதல் நாளே வார்டுக்கு வந்தேன் சாரே," என்றார். "நீங்கதான் வாசல்ல நின்னு, 'நாங்க ஜெபம் பண்றோம், நீங்க வேண்டாம்'ணு அனுப்பிட்டீங்க."