மூடும் உரிமை

கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால் ஓர் எண் கிடைக்கும். கோப்பை மூடியதும் அதே எண்ணைக் கணினி வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். எங்கள் லண்டன் அலுவலக நிரலில் ஓர் எண்ணை இரண்டு இடங்களில் மூடியிருந்தார்கள். முதல்முறை மூடியதுமே அந்த எண் ஒரு வாடிக்கையாளரின் இணைப்புக்குப் போயிருந்தது. இரண்டாம் முறை மூடியபோது அந்த இணைப்பு அறுந்தது.

ஓர் எண் நிரலின் ஒரு பகுதிக்கு மட்டுமே சொந்தம், அது மட்டுமே மூடலாம் என்று மாற்றி எழுதினேன். மீறினால் நிரல் கம்பைல் ஆகாது; ஓடுவதற்கு முன்பே கணினி அதை ஏற்க மறுத்துவிடும்.

செவன் கிங்ஸ் நிலையத்திலிருந்து என்னோடு வேலைக்கு வரும் குழுத் தலைவர் மறுநாள் ரயிலிலேயே தொடங்கினார். "தங்கச்சி, இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடும். கவனமாய் எழுதினாலே காணும்."

கவனம் என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏலாது அண்ணை," என்றேன். "ரெண்டாந்தரம் மூடின வரியை எழுதினது நீங்கள்தான். நீங்களும் கவனமாய்த்தான் எழுதினனீங்கள்."