ஊதச் சொல்லாத நாள்

என் வீட்டுக்காரர் ஜெய்சங்கர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வெல்டர். சாயங்காலம் பட்டறையில் சங்கு ஊதி இருபது நிமிஷத்தில் அவர் மொபெட் வாசலில் நிற்கும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவார். நான் மோந்து பார்த்துவிட்டு, "ம், உள்ள வாங்க" என்பேன். பக்கத்து வீட்டு ரஷீதா, "என்ன பானு அக்கா, ட்ராஃபிக் போலீஸ் வேலையா?" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். பதினெட்டு வருஷம் அந்தக் குடிகாரரோடு குடும்பம் நடத்தியது அவளா, நானா?

அந்தப் பதினெட்டு வருஷமும் அவர் தினம் சொன்ன பொய், "குடிக்கல பானு." மகள் சடங்கன்று மாமன் சீர் உள்ளே வரும்போது, பந்தியில் சாம்பார் வாளியோடு விழுந்தார். தூக்கி உட்கார வைத்தால் அப்போதும் "குடிக்கல பானு." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாளியாலேயே போட்டிருப்பேன். சபை நிறைய சனம், விட்டுவிட்டேன்.

கடைசியில் பட்டறையில் கை நடுங்கி வெல்டிங் கோணல்மாணலாகப் போனது. ஃபோர்மேன் அவரைத் தரை கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார். அந்த அவமானம் பொறுக்காமல் தானாகவே போய் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவர், "என் பேச்சை நம்பாத பானு, உன் மூக்கை நம்பு. தினம் நானே வந்து ஊதறேன்" என்றார். இரண்டு வருஷம் ஏழு மாசம் அப்படித்தான் ஓடியது. வெல்டிங் வேலையும் திரும்பக் கிடைத்தது.

போன ஆவணியில் ஒரு நாள், இவருக்கு வார லீவு. காலை ஏழரைக்கு மண்ணச்சநல்லூரிலிருந்து போன். அரிசி மில்லில் வேலை பார்த்த அவர் தம்பி தமிழ்மணி, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லையாம். நாற்பத்தோரு வயசு. இவர் தூக்கி வளர்த்த பிள்ளை. போனை வைத்தவர் அழவில்லை. கை மட்டும் பழையபடி நடுங்கியது. அதைப் பார்த்ததும், போனவனுக்காக அழ வேண்டிய எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு இவர் குடித்துவிடுவார். பாவி நான், அதுதான் நினைத்தேன்.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். திருவானைக்கோவிலில் ஒரு சாராயக் கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. நேராக எதிரே இருந்த பூக்கடைக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம். குடிக்கிறவன் செத்தால், சுடுகாட்டில் அவன் வாயில் இரண்டு சொட்டு ஊற்றி அனுப்புவார்கள். மீதியைப் பாடை தூக்கிப் போனவர்கள் குடித்துத் தீர்க்க வேண்டும். தமிழ்மணி சம்பளத்தன்று மட்டும் குடிப்பான். அது போதுமே! இவருடைய பெரியப்பா மகன் அழகர்சாமி மாமா பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"மாமா, இவருக்கு மட்டும் குடுத்துடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கூடப்பொறந்தவன் போயிருக்கான்மா. இன்னைக்கு ஒரு நாளு குடிச்சா என்ன ஆயிடும்? துக்கத்தை நெஞ்சுல வச்சிருக்கக் கூடாது."

பொம்பளைகள் தெருமுனையோடு திரும்ப வேண்டும். வீட்டைக் கழுவிவிட்டு, அவனைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றினோம். அவன் பெண்டாட்டி சித்ராதேவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் வாசலில்தான்.

ஐந்து மணிக்கு ஆம்பளைகள் திரும்பினார்கள். பாதிப் பேருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இவர் கடைசியாக வந்தார். வாசற்படி ஏறும்போதே குப்பென்று சாராய நாற்றம் அடித்தது.

"இன்னைக்குமா! உங்க தம்பி எரியறதுக்குள்ளயே ஊத்திக்கிட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். சாவு வீடு என்றுகூட நினைப்பில்லை.

"குடிக்கல பானு."

அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அழகர்சாமி அண்ணன் கட்டிப் புடிச்சுக்கிட்டு வாயில வச்சு அழுத்துனாரு. பல்லக் கடிச்சுக்கிட்டேன். எல்லாம் சட்டையில ஊத்திருச்சு. இந்தா, மோந்து பாரு." வாயைத் திறந்து ஊதினார்.

என்னத்தை மோந்து பார்ப்பது? கழுத்திலிருந்து தொப்புள் வரை சட்டை நனைந்து நாறியது. எது வாய், எது சட்டை என்று என் மூக்குக்குத் தெரியவில்லை. சாட்சி கேட்கலாமென்றால் அழகர்சாமி மாமா வேப்பமரத்தடியில் மட்டையாகிக் கிடந்தார்.

இவர் உள்ளே போய் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. குடித்த காலத்தில் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒப்பாரி வைப்பார். இந்த அழுகையில் சத்தமே இல்லை.

"போதையில்லாம அழுது பழக்கமில்ல பானு" என்றார். "ரொம்ப வலிக்குது."

அவர் கையைப் பிடித்தேன். நடுக்கம் நிற்கவில்லை; ஒரு வாய் உள்ளே போயிருந்தால் எப்போதோ நின்றிருக்கும். நான் அவரை நம்பினேன்.

"சட்டையக் கழட்டிக் குடுங்க, அலசிப் போடறேன்" என்றேன். தண்ணீர்க் குழாயடியில் அதைத் தேய்த்தபோதுதான் தமிழ்மணிக்காக எனக்கு அழுகை வந்தது. பிழியப் பிழிய அழுதேன்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். சங்கு ஊதியது. இருபது நிமிஷத்தில் வந்து நின்று வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"வாய மூடிட்டு உள்ள வாங்க, காபி ஆறுது" என்றேன்.