கணையத்திலும் ஒரு மாஸ்டர்

மீரா சாகிப் அகப்பையைத் தூக்கி, இடது உள்ளங்கையில் மீன் குழம்பு ஒரு சொட்டு விட்டார். நக்கினார். கண்ணை மூடினார். தொட்டியில் துப்பினார். "புளி பத்தல" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டிக்குப் போனார்.

ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடை வைத்திருக்கும் இவருடைய நாக்குக்கு ஊரெல்லாம் பேர். உடம்புக்குச் சர்க்கரை நோய். நான் பக்கத்து வீட்டுக்காரி; நோயாளிப் பராமரிப்பு படித்தவள். இவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என் பொறுப்பு. கண்புரை அறுவைக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் சர்க்கரை கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் பார்வை இன்னும் மங்கிவிட்டது. போன வாரம் கோழி கேட்டவருக்கு ஆட்டிறைச்சி வைத்தார். அவரும் அதையே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"எல்லாத்தையும் துப்பிடுறேன் அக்கா. அப்புறம் எங்கேருந்து சுகர் ஏறுது?"

பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படிக்கும் மகள் நூருல் ஹுதா வெங்காயம் உரித்தபடி சொன்னாள்: "அத்தா, நாக்குல இனிப்பைக் கண்டுபிடிக்கிற ரெசெப்டர் கணையத்துலயும் இருக்கு. இரத்தத்துல சர்க்கரை ஏறினா இன்சுலின் விடுறதுக்கு அதுவும் உதவுதாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

மீரா சாகிப் நோயை மறந்து நிமிர்ந்தார். "பார்த்தீங்களா! உள்ளேயும் ஒரு மாஸ்டர் இருக்கான்லா!"

"அந்த மாஸ்டருக்குத் துப்பத் தெரியாது, தம்பி."

சிரித்தார். அடுப்போரம் ஜக்கில் இருந்த ரோஸ் சிராப் சர்பத்தில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூன்றாவது சட்டியை ருசி பார்த்தார். துப்பினார். மறுபடி ஒரு மடக்கு.

"அது என்ன?"

"இதா? வாய் கழுவுறது. காரம் நாக்குல நின்னா அடுத்த சட்டி ருசி தெரியாதுலா."

"விழுங்கினீங்களே."

"காரம் தொண்டை வரைக்கும் இறங்குது. துரத்துறதும் இறங்கணும்தானே?"

ஹுதா கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு நாளைக்கு எவ்வளவு, அத்தா?"

"ஒரு ஜக். ஆனா அது குடிக்கிற கணக்கு இல்லம்மா."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"என்ன குடிக்கிறீங்கன்னு கேட்டாங்க. கோப்பி ஓ, பாலும் சீனியும் இல்லாமன்னு சொன்னேன். பொய்யா?"

பொய்யில்லை. அதுதான் தொல்லை.

மறுநாள் காலை ஜக்கைக் கழுவி வெறும் தண்ணீர் நிரப்பி வைத்தேன். கண் மருத்துவமனைக்குப் போன் செய்து மூன்றாம் முறையாக நாள் கேட்டேன். அடுத்த மாதக் கடைசியில் கொடுத்தார்கள். மீரா சாகிப் குழம்பை நக்கித் துப்பினார். தண்ணீரை வாயில் ஊற்றி அதையும் துப்பினார்.

"தண்ணிய விழுங்கலாம், தம்பி."

"இவ்வளவு மட்டமான ருசிய உள்ளே இருக்கிற மாஸ்டருக்கு எப்படி அக்கா அனுப்புறது?"

அனுப்பச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்.