அக்காவுக்கு ஒரு ரிவால்வர்

அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த மூன்றாம் வாரம், அவள் ஸ்கூட்டியின் இரண்டு கண்ணாடிகளையும் யாரோ உடைத்துவிட்டுப் போனார்கள். யாரோ என்று எழுதுகிறேன். யார் என்று வீட்டில் நாலு பேருக்கும் தெரியும். அன்று சாயங்காலமே அவள் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அக்கா வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். "பின்னாடி யாரு வர்றாங்கன்னு இனிமே உனக்குத் தெரியாது, இல்ல?"

நாலு வருஷம் நான் அவரை மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கும் வேறு சொல் வாயில் வருவதில்லை.

அக்கா அந்தப் பதிவை ஒரு தடவைதான் கேட்டாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். துப்பாக்கி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அது என்னுடையது.

வேலூரில் படிக்கும்போது நான் என்.சி.சி.யில் இருந்தேன். மண்ணில் குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ ரைபிளில் சுட்டு, ஐந்து குண்டையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கினேன். அந்த நாளிலிருந்து எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் வெளிநாட்டுத் துப்பாக்கி வீடியோக்கள்தான். அந்த நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்பதைப் பிறப்புரிமை மாதிரி பேசுவார்கள். இங்கே அது அனுமதி. எதற்கு வேண்டும் என்று கேட்பார்கள், உயிருக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும். ஆனால் மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், அதன்மேல் அப்பீல் போகலாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மகளிர் காவல் நிலையத்தில் எங்களுக்கு ஏற்கெனவே புகாருக்கு ஒரு ரசீதும் ஒரு அறிவுரையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் நாலு இருக்கும், அனுசரித்துப் போம்மா என்று. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

அக்காவுக்குத் தற்காப்பே இல்லாமலும் இல்லை. அதைச் சொல்ல வேண்டும். அவள் டீச்சர். முள்ளிப்பட்டு ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம். கண்ணாடி உடைந்த பிறகு வாசலில் வாட்ச்மேன் யாரையும் நிற்க விடுவதில்லை. வழியில்தான் யாரும் இல்லை. எங்கள் ஆரணியிலிருந்து அங்கே போக மூன்று பாதை உண்டு. மெயின் ரோடு, ஏரிக்கரை, ரைஸ் மில் பக்கம் ஒரு மண் பாதை. இன்றைக்கு எது என்பது கிளம்பும்போதுதான் அவளுக்கே தெரியும். நேரத்தையும் மாற்றிக்கொள்வாள். தெருவுக்கோ, "ஸ்கூல் இங்கேர்ந்து பக்கம், அதான் இங்க வந்து தங்கிகினு இருக்கா" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. கண்ணாடியைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது பயந்து ஒளிவதாகத்தான் பட்டது.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். பிஸ்டல் மெலிசு, பைக்குள் அடங்கும், ஆனால் மேல்பகுதியை இழுத்துவிட மணிக்கட்டில் பலம் வேண்டும், பதற்றத்தில் சிக்கிக்கொண்டால் சரிசெய்யத் தெரிய வேண்டும். ரிவால்வர் தடிமன். ஆனால் ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். பயிற்சி குறைந்த கைக்கு ரிவால்வர்தான். பாயிண்ட் டூ டூ சுடும்போது கையை உதைக்காது, ஆனால் ஆளை நிறுத்துமா என்று சந்தேகம். பாயிண்ட் த்ரீ டூவில் எடை குறைந்தது ஒன்று இருந்தது, அரைக் கிலோ. சேலை கட்டுகிறவள் அதை எங்கே வைப்பாள்? இடுப்பு உறை சரிப்படாது, முந்தானை மறைக்கும், ஆனால் எடுக்கும்போது சிக்கும். கைப்பைதான். பையில் தனி அறை இருக்க வேண்டும், சாவிக்கொத்தோடு கிடக்கக் கூடாது.

கை பழகட்டும் என்று, அப்பா தறிக்குப் பட்டு நூல் நிறுக்கும் தராசிலிருந்து அரைக் கிலோ எடைக்கல்லை எடுத்து அவள் பையில் போட்டேன். ஒரு வாரம் சுமந்தாள். எட்டாம் நாள் கல்லை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தாள்.

"பசங்க சாக்பீஸ் எடுக்க என் பையில கை விடுவாங்கடீ. ஒருத்தன் இதை எடுத்துட்டு, டீச்சர் இன்னா இது, மண்டைய உடைக்கறதுக்கான்னு கேக்கறான்."

"நீ இன்னா சொன்னே?"

"நிறை பாடம் நடத்தப்போறேன்னு சொல்லிட்டு, அந்த பீரியட் பூரா நிறை நடத்தினேன்." சிரித்தாள். பிறகு கேட்டாள், "நெஜமானது இருந்தா ஸ்கூல்ல எங்க வைப்பேன்?"

"பூட்டி வெக்கலாம்கா. பீரோ இருக்கும்ல."

"அந்த பீரோவுக்குத் தாழ்ப்பாளே இல்ல."

அதற்கும் ஏதோ பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். லைசென்ஸ் இல்லாமல் கையில் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தோம். நான் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. கடைக்காரரிடம் விசையின் இழுப்பு எப்படி, உதை எப்படி என்று கேள்வி மேல் கேள்வி. அவர், "யாருக்கும்மா, உனக்கா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பின்னாலிருந்து யார் வருகிறார்கள் என்று.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். டாக்டர் சான்றிதழ், புகைப்படம், உடைந்த கண்ணாடிகளின் படம், குரல் பதிவுகளை வார்த்தை வார்த்தையாக எழுதி ஒரு கட்டு. ஆபத்து என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்று படித்திருந்தேன் இல்லையா? அதனால் தனியாக நாலு பக்க அறிக்கை. அவள் எந்தெந்தப் பாதையில் போகிறாள், எதற்காக மாற்றுகிறாள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எல்லாம். கடைசிப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் போட்டேன். மூன்று பாதையும் பள்ளிக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால் ஒரு சிறுபாலத்தில் சேருகின்றன. வேறு வழி இல்லை, அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு வட்டம். 'இங்கு தாக்குதல் நடக்க வாய்ப்பு அதிகம்.' அழகாக வந்திருந்தது. அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். திருத்த வேண்டிய பேப்பர் கட்டு மடியில் இருந்தது.

விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். காபி குடித்துக்கொண்டே, "துப்பாக்கியா? நானே வருஷத்துக்கு ஒருதரம்தாம்மா சுடறேன், அதுவும் பேஜார் புடிச்ச வேலை" என்றார். அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டார். கிளம்பும்போது, "தெருவுல உங்களைப் பத்தி சொல்ற மாதிரி ரெண்டு பேர் எழுதிக் குடுங்க" என்றார்.

ஒரு நொடிகூட யோசிக்காமல் முதல் பேராக முதலாளியின் பேரை எழுதினேன்.

முதலாளி என்றால் எங்களுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொள்கிறவர். எங்கள் பக்கத்துத் தறி வீடுகளில் யாருக்குக் கையெழுத்து தேவைப்பட்டாலும் அவர்தான். என் பாஸ்போர்ட்டுக்கு அவர், அப்பாவின் பேங்க் கடனுக்கு அவர், அக்கா வேலையில் சேர்ந்தபோது நன்னடத்தைக்கு அவர். பேனாவை எடுத்தால் கை தானாக அந்தப் பேரை எழுதும். மாமா வீட்டுத் தறியிலும் அவர் பாவுதான் ஓடுகிறது. நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை இரண்டு பக்கமும் மாற்றி வைத்தவரே அவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை.

ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட்டு அறிக்கையைப் பக்கம் பக்கமாகக் காட்டி, இதெல்லாம் உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள். உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் புதன்கிழமை, காலை எட்டே காலுக்கு, சிறுபாலத்தில் மாமா நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் வண்டியை மெதுவாக்கினாள். திருப்ப இடம் இல்லை. அவர் சாவியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். அவளுடைய பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினார். சாக்பீஸ், சாப்பாட்டு டப்பா, சிவப்பு மைப் பேனா. காலால் தள்ளித் தள்ளித் தேடினார்.

"துப்பாக்கி வாங்கறியாமே? எங்க? எடு. சுடுடீ, பாக்கலாம்."

இன்னும் வாங்கவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னபோதுதான் எங்களிடம் அழுதாள். "நான் ஏன்டீ அதுக்கு பதில் சொன்னேன்? அடி விழுந்ததுக்கு அழல. பசங்க மாதிரி பதில் சொன்னேன் பாரு, இன்னும் வாங்கலைன்னு."

தள்ளியதில் பாலத்தின் கட்டைச் சுவரில் விழுந்து வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் சத்தம் போட்டதால் மாமா தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நேராக முதலாளி கடைக்குப் போனேன். சேலை மடித்துக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"நல்லதுக்குத்தாம்மா அவங்க வீட்டுக்குப் போனேன். நீ போட்ட படத்தைப் பாத்ததும் எனக்கே பயமாப் போயிடுச்சு. பொண்ணு இப்படிப் பயந்துகினு, வழி மாத்தி வழி மாத்திப் போவுதே, பாலத்துகிட்ட வரும்போது உசுரைக் கையில புடிச்சிகினு வருதாமே, துப்பாக்கி வரைக்கும் போயிடுச்சே, புள்ளையைக் கூப்பிட்டுக் கண்டிங்கன்னு அவங்கப்பன்கிட்ட சொன்னேன். அவன் உள்ளே படுத்துகினு கேட்டுகினு இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா."

அவர் சொன்னதில் பாதி வாக்கியம் என்னுடையது. 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு' என்று அறிக்கையில் எழுதியது நான்தான். திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

இந்தத் தடவை போலீஸ் வழக்குப் போட்டது. மாமாவைப் பிடித்தார்கள், சில நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். அக்காவின் கையில் கட்டுப் பிரிக்கும்வரை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிரித்த பிறகும் போகவில்லை. இடது கையால் சோறு பிசைந்து சாப்பிடப் பழகியிருந்தாள், கட்டு பிரித்தும் அது மாறவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருநாள் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு, இனிமேல் இப்படித் தனியாக வரக் கூடாது என்று நன்றாகத் திட்டி அனுப்பினாள்.

மறுப்புக் கடிதம் சில மாதம் கழித்து வந்தது. வழக்கு நிலுவையில் இருக்கிறது, பாதுகாப்பைக் காவல்துறை கவனித்துக்கொள்கிறது, ஆகவே உரிமம் தேவையில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதைப் படித்ததும் எனக்குள் பழைய வேகம் ஒரு கணம் எழுந்தது. காரணம் எழுதித் தந்துவிட்டார்கள், இனி அப்பீல் போடலாம்.

"அக்கா, முப்பது நாள் டைம் இருக்கு. கையே உடைஞ்சிருக்கு, இதுக்கு மேல ப்ரூஃப் இன்னா வேணும்? நான் ஜல்தியா எழுதிடறேன்."

அவள் பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. ஒரு புடவை இரண்டு புடவை அல்ல, எல்லாமே.

"எங்கக்கா போறே?"

"வேலை கெடச்சிருக்கு. ஒரு ஸ்கூல்ல. ஹாஸ்டல்லயே தங்கலாம்."

"எந்த ஊரு?"

அவள் அடுத்த புடவையை எடுத்து மடித்தாள். அம்மா சமையல்கட்டில் பாத்திரத்தை வைத்த சத்தத்திலிருந்து, அம்மாவுக்குத் தெரியும் என்று புரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

"என்கிட்டகூடச் சொல்ல மாட்டியா? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்கா."

"நீ சொல்ல மாட்டேன்னு தெரியும்டீ" என்றாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. "நீ எழுதுவே. எனக்கு நல்லது பண்ணணும்னு எங்கயாச்சும், எவனுக்காச்சும் ஒண்ணு எழுதுவே. வாணாம்."

என் தலையை இடது கையால் ஒரு தடவை தடவினாள். பிறகு, பெட்டியின் ஜிப்பை இழுக்க வலது கைக்குப் பலம் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். நான் இழுத்து மூடினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். புது நம்பர். கை பரவாயில்லை, போர்டில் எழுத முடிகிறது, சாயங்காலம் தனியாகக் கடைவீதிக்குப் போய் வருகிறேன் என்கிறாள். பின்னால் பார்க்கக் கண்ணாடி இல்லாமலேவா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. போன வாரம் பேசும்போது அவள் பக்கம் தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு இங்கே வெயில். தமிழ்நாட்டில் அந்த நேரத்துக்கு எந்த ஊரில் மழை பெய்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. லேப்டாப் எதிரில் திறந்துதான் இருந்தது. நான் பார்க்கவில்லை.