ஆறாவது கட்டம்

அண்ணன் செத்தது வெள்ளியா சனியா என்று தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. சின்னக்கானலில் பதினைந்து நாள் அடைமழை. தேயிலைக் காட்டில் வேலை இல்லை, பெரட்டு என்கிற காலை ஆளெடுப்பும் இல்லை. அது இல்லாவிட்டால் எங்களுக்குக் கிழமையே கிடையாது.

சனிக்கிழமை செத்தவர் துணைக்கு ஒருவரை இழுப்பார் என்று பாடையில் கோழி கட்டி அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கோழி. அடை கிடந்தது. அம்மா, "இன்னிக்கு வெள்ளி" என்று சொல்லிவிட்டாள். கோழி கட்டவில்லை. நாற்பது நாளுக்குள் அப்பாவும் போனார்.

அப்பாவைக் கொன்றது காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி தராத எஸ்டேட்டும்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி தண்ணிக்குழாயடியில் நின்றுகொண்டு சொன்னாள்: "கோழிய மிச்சம் புடிச்சா, புருசன விட்டுட்டா." அதற்குப் பிறகு அம்மா கோழி வளர்க்கவே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை அட்டையில் துளைகளாகக் குத்தும் வேலையில் இருந்தேன். புரோகிராம் எழுதுகிறவர் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். காலண்டர் போடும் கட்டளை அந்தக் கம்ப்யூட்டர் மொழியிலேயே இருக்கிறது, முதல் வருடமும் கடைசி வருடமும் கொடுத்தால் போதும் என்றார். அண்ணனுக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த சாவுச் சீட்டில் தேதியும் மாதமும் இருந்தன. வருடம் ஈரத்தில் அழிந்துவிட்டது. பத்து வருடம் கேட்டேன்.

"ஏனுங்க, இதுல திங்கக்கெழமதான் மொதல்ல வருமுங்க. ஞாயிறு வேணும்னா இன்னொரு அட்டை குத்தோணும்."

"எப்படி வந்தா என்னங்க?" என்றேன். சோம்பேறித்தனம். வேறொன்றும் இல்லை.

லீவில் ஊருக்குப் போய்த் தாளைத் தரையில் விரித்தேன். வாசலிலிருந்து அடுப்புவரை வந்தது.

"எந்த வருசம்மா?"

"நீ ஒண்ணாப்பு சேந்த வருசம்ட்டி."

அந்த வருடத்தில் அந்தத் தேதியைத் தொட்டுக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். சுவர்க் காலண்டரில் எண்ணுவதுபோல இடது ஓரத்திலிருந்து கட்டம் கட்டமாக விரலை நகர்த்தினாள்.

"ஞாயிறு, திங்க, செவ்வா, புதன், வியாழன்..." ஆறாவது கட்டத்தில் விரல் நின்றது. "வெள்ளி! ஏட்டி, வெள்ளிதாண்டி!"

மேலே ஆங்கிலத்தில் சனி என்று இருந்தது. நான் தாளின் மறுமுனையை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அம்மா அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். "பாத்துக்கடி, மிசினு சொல்லுது" என்று அவள் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. திரும்பி வந்து, எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக, தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

எனக்கு இந்தச் சனி, கோழி, இழுப்பது எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் மறுநாள் அம்மா இரண்டு தடவை இருமினாள். கடைத்தெருவுக்குப் போய் ஒரு கோழிக்குஞ்சு வாங்கினேன். அண்ணனைப் புதைத்த மேட்டில் பனி இறங்கியிருந்தது. குழி எது என்றுகூடத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் குஞ்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.

பாதி வழியில் சத்தம் கேட்டது. குஞ்சு என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.